ஈரக்காற்றும் ஆய்வுக்கூடமும்: தூய ஆற்றலுக்கு ஜொகூரில் ஒரு கட்டடம்

தூய ஆற்றலை ஆராய ஒரு பல்கலைக்கழகம் கட்டடம் எழுப்பினால் அது எப்படி அமைய வேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். எந்த ஊரில் கட்டுகிறோம் என்று சொல்லாமல் இதைப் பேச முடியாது. லண்டனுக்குப் பொருந்துவது சென்னைக்குப் பொருந்தாது. சென்னைக்குப் பொருந்துவதில் பாதி ஜொகூருக்குப் பொருந்தாது. நான் ஜொகூரை முன்னிறுத்தியே பேசுகிறேன். பசுமைக் கட்டடம் என்றவுடன் கூரை நிறையச் சூரியத் தகடு, முகப்பில் படரும் கொடி, நுழைவாயிலில் மாட்டிய சான்றிதழ் என்று ஒரு படம் நம் மனத்தில் எழுகிறது. இவற்றை நான் பழிக்கவில்லை. ஆயினும் கட்டடத்தின் மின்கட்டணத்தையும் கரியுமிழ்வையும் இங்கே தீர்மானிப்பது, வெளியிலிருந்து உள்ளே இழுக்கும் காற்றில் இருக்கும் ஈரம். அந்த ஈரத்தை எந்த அறையில் பிழிய வேண்டும், எந்த அறையில் பிழியத் தேவையில்லை என்று முதல் வரைபடத்திலேயே பிரித்துக்கொண்ட கட்டடம்தான் ஜொகூரில் தேறும். என் வாதம் இவ்வளவுதான். இதற்கான கணக்கையும், இதை எதிர்த்துச் சொல்லக்கூடியவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன்.

ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், நாம் யுடிஎம் என்று அழைப்பது, ஹைட்ரஜன், எரிபொருள் கலம், உயிரித்திரள், உயர் மின்னழுத்தம் என ஆற்றல் துறையின் பல கிளைகளில் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. பாரிட் ராஜாவில் துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகம் இருக்கிறது. இஸ்கந்தர் புத்ரியில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் கிளை பொறியியல் கற்பிக்கிறது. இஸ்கந்தர் மலேசியா வட்டாரத்துக்கான குறைகரிச் சமுதாயத் திட்டத்தை யுடிஎம், ஜப்பானின் கியோத்தோ, ஒக்காயாமா பல்கலைக்கழகங்களுடன் சேர்ந்து வகுத்து, 2012-இல் டோஹா பருவநிலை மாநாட்டில் வெளியிட்டது. ஆக, அறிவுக்கு இங்கே பஞ்சமில்லை. இதே மாநிலத்தின் மேற்குக் கரையில், பொந்தியான் மாவட்டத்தில், தஞ்சோங் பின் அனல்மின் நிலையம் நிற்கிறது. 700 மெகாவாட் அலகுகள் மூன்றும், பின்னர் சேர்ந்த 1,000 மெகாவாட் அலகு ஒன்றும் நிலக்கரியை எரிக்கின்றன. பாசிர் கூடாங்கில் எரிவாயு எரிகிறது. தீபகற்பத்தின் மின்கட்டமைப்பிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் ஏறத்தாழ முக்கால் கிலோ கரியமிலவாயு வெளியேறுகிறது. தூய ஆற்றலை ஆராயும் கூடம் இரவும் பகலும் உண்பது இந்த மின்சாரத்தைத்தான்.

இனி ஈரத்தின் கணக்கு. ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை பாகை வடக்கே இருக்கிறது. இங்கே வெப்பநிலை ஆண்டு முழுதும் பெரிதாக ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. அதைவிடப் பிடிவாதமானது பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகத் திரளத் தொடங்கும் வெப்பநிலை. பகலானாலும் இரவானாலும், வடகிழக்குப் பருவமழையானாலும் மற்ற மாதமானாலும் அது 24 பாகையை ஒட்டியே நிற்கிறது. நண்பகலில் 32 பாகை வெப்பமும் 65 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு கிலோ காற்றில் ஏறக்குறைய 20 கிராம் நீராவி இருக்கும். ஆய்வுக்கூடத்தை 24 பாகையிலும் 55 விழுக்காட்டிலும் வைக்க விரும்பினால் அதில் 10 கிராம்தான் தங்கலாம். மீதியை நீராக்கி வடிக்க வேண்டும். இவ்வாறு வெளிக்காற்றைப் பதப்படுத்தச் செலவாகும் குளிரூட்டும் திறனில் முக்கால் பங்கு ஈரத்தை வடிக்கவே போகிறது. காற்றின் சூட்டைத் தணிக்கக் கால் பங்குதான் போகிறது. இரவில் சூடு குறைந்தாலும் ஈரம் குறையாது. சூடு குறைந்தால் குளிரூட்டிக்கு ஓய்வு கிடைக்கும் என்ற ஐரோப்பிய, வட இந்தியக் கணக்கு இங்கே செல்லாது.

அலுவலகத்தில் இதன் கொடுமை அவ்வளவாகத் தெரிவதில்லை. உள்ளே இருக்கும் காற்றையே பெரும்பாலும் சுற்றவிட்டு, மூச்சுக்கு வேண்டிய அளவு மட்டும் வெளிக்காற்று சேர்ப்பார்கள். ஆய்வுக்கூடம் அப்படி இயலாது. நச்சாவி கலந்திருக்கக்கூடிய காற்றைத் திரும்பச் சுற்றவிட முடியாது. முழுவதையும் வெளியே தள்ளி, அதே அளவு புதுக்காற்றை உள்ளே எடுக்க வேண்டும். ஒரே ஒரு ஃபியூம் ஹூட்டை, அதாவது நச்சாவியை இழுத்து வெளியே தள்ளும் பணிப்பெட்டியை, அருகில் சென்று பார்ப்போம். ஒன்றரை மீட்டர் அகலம். கண்ணாடிக் கதவு அரை மீட்டர் உயரத்துக்குத் திறந்திருக்கிறது. அந்தத் திறப்பில் காற்று நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் உள்ளே இழுக்கப்படுகிறது. மணிக்கு 1,350 கன மீட்டர் காற்று கூரை வழியாக வெளியேறுகிறது. அதற்கு ஈடாக வரும் ஜொகூர்க் காற்றிலிருந்து மணிக்கு 14 லிட்டருக்குக் குறையாமல் நீர் வடிய வேண்டும். குளிரூட்டும் ஏற்பாடு முழுவதும் ஒரு பங்கு மின்சாரத்துக்கு நான்கு பங்கு குளிர்ச்சி தரும் நல்ல நிலையில் இருப்பதாகவே கொள்வோம். அப்போதும் இந்த ஒரு ஹூட்டுக்கு நாளொன்றுக்கு 70 கிலோவாட் மணிக்கு மேல் செலவாகும். மாதம் 350 கிலோவாட் மணி புழங்கும் ஆறு குடும்பங்களின் மின்சாரம் அது. ஆண்டுக்கு ஏறத்தாழ 19 டன் கரியமிலவாயு. ஹூட்டின் உள்ளே ஒரு சோதனையும் நடக்காமல், ஆய்வாளர் வீட்டுக்குப் போய்த் தூங்கிக்கொண்டிருந்தாலும், கண்ணாடிக் கதவு திறந்திருந்தால் இது நடக்கும்.

சூரியத் தகடு இதை ஈடு செய்யாதா என்று கேட்பது இயல்பு. பார்ப்போம். இன்று கிடைக்கும் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 200 வாட் திறன் கொண்டது. ஜொகூரின் மேகமூட்டத்தையும் கணக்கில் கொண்டால் அது ஆண்டுக்கு 250 கிலோவாட் மணி தரும். நடைபாதைக்கும், இயந்திரங்களுக்கும், புகைபோக்கிகளுக்கும் இடம் விட்டுக் கூரையில் பத்தில் ஏழு பங்கைத் தகட்டால் மூடினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மாடிக் கட்டடத்தில் அந்த விளைச்சல், தரைப்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 45 கிலோவாட் மணியைத் தாண்டாது. மறுபக்கம், மூன்று மீட்டர் உயரமுள்ள ஆய்வுக்கூடத்தில் மணிக்கு ஆறு முறை காற்றை முழுவதும் மாற்றி, அதை 24 மணி நேரமும் நிறுத்தாமல் செய்தால், காற்றைப் பதப்படுத்த மட்டும் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 350 கிலோவாட் மணி வேண்டும். ஒரு கூரை போதாது. எட்டுக் கூரைகள் வேண்டும். விளக்கு, கணினி, உலை, லேசர் எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை.

இந்த நாட்டில் நல்ல முன்னோடிகள் உண்டு. புத்ராஜெயாவில் 2004-இல் குடியேறிய ஆற்றல் அமைச்சின் கட்டடம் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 100 கிலோவாட் மணி என்ற இலக்கோடு எழுந்தது. அன்றைய அலுவலகங்கள் அதைப்போல் இரு மடங்குக்கு மேல் செலவிட்டுக்கொண்டிருந்தன. 2007-இல் பாங்கியில் மலேசிய ஆற்றல் மையம் தன் கட்டடத்தைக் கட்டியது. 2010-இல் புத்ராஜெயாவில் ஆற்றல் ஆணையத்தின் வைரக் கட்டடம் வந்தது. அதன் சுவர்கள் கீழிருந்து மேலாக வெளிப்புறம் 25 பாகை சாய்ந்து, ஒவ்வொரு மாடியும் தன் கீழ் மாடிக்கு நிழல் தருகிறது. இரவில் காங்கிரீட் தளத்துக்குள் பதித்த குழாய்களில் குளிர்நீரை ஓட்டித் தளத்தைக் குளிர்வித்து, பகலில் அந்தத் தளமே அறையின் சூட்டை வாங்கிக்கொள்ளும்படி செய்தார்கள். நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2019-இல் திறந்த எஸ்டிஈ4 என்ற கட்டடம், தான் செலவிடும் ஆற்றலைத் தன் கூரையிலேயே விளைவிக்கும்படி வடிவமைக்கப்பட்டது: தரைப்பரப்பு சுமார் 8,500 சதுர மீட்டர், கூரையில் 1,200-க்கும் மேற்பட்ட தகடுகள். அங்கே காற்றை வழக்கம்போல் கடுங்குளிராக்காமல் சற்று மிதமாகவே அனுப்பி, கூரைமின்விசிறியால் உடலுக்கு இதம் சேர்த்தார்கள். நம் தட்பவெப்பத்தில், நம் கண்ணெதிரே, செய்து காட்டிய வேலை இது. மூன்றையும் நான்காவதையும் மனமாரப் பாராட்டும் அதே வேளையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் மூன்றும் அலுவலகங்கள். நான்காவது கட்டடக்கலை மாணவர்களின் வரைகூடமும் பட்டறையும். ஃபியூம் ஹூட் வரிசையாக நிற்கும் வேதியியல் கூடங்கள் அல்ல. இவற்றின் முகப்பையும் கூரையையும் பார்த்துப் படியெடுத்து, உள்ளே ஆய்வுக்கூடங்களை நிரப்பினால் அந்த எண்கள் நமக்கு வாய்க்கா.

அப்படியானால் எங்கே தொடங்குவது? அறைகளை வறட்சியின் தேவைக்கேற்ப வகுப்பதில். ஓர் ஆய்வுக் கட்டடத்தின் தரைப்பரப்பில் பாதிக்கு மேல் ஆய்வுக்கூடமே அல்ல: படிக்கட்டு, நடைவழி, கழிப்பறை, கூடிப் பேசும் இடம், எழுதும் அறை, பண்டக அறை. இவற்றில் நடைவழிக்கும் படிக்கட்டுக்கும் கூடுமிடத்துக்கும் குளிரூட்டி தேவையில்லை. ஜொகூர் பாருவின் பழைய கடைவீதியில் அஞ்சடி நடைவழி வெயிலையும் மழையையும் தடுத்துக் காற்றை விட்டுவிடுகிறது. மலாய்க்காரர்களின் வீடு கம்பங்களின்மேல் எழுந்து, தரைக்கடியிலும் கூரைமுகட்டிலும் காற்றுக்கு வழி விடுகிறது. புதுச்சேரியில் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டே விடுதி, திருப்பக்கூடிய கிடைப்பலகைகளையே சுவராக்கி, குளிரூட்டியே இல்லாமல் கடலோர வெக்கையைச் சமாளிக்கிறது. இந்நாட்டுக் கட்டடக்கலைஞர் கென் இயாங் சுபாங் ஜெயாவில் 1992-இல் முடித்த மெனாரா மெசினியாகா கோபுரத்தில் மின்தூக்கிக் கூடத்துக்கும் படிக்கட்டுக்கும் கழிப்பறைக்கும் இயற்கைக் காற்றையும் வெளிச்சத்தையுமே கொடுத்தார். வடிவம் எதுவாயினும் பாடம் ஒன்று: நடப்பவருக்கும் நிற்பவருக்கும் நிழலும் வீச்சும் போதும். தமிழகத்து முற்றத்தை அப்படியே இங்கே கொண்டுவர நான் சொல்லமாட்டேன். உச்சி வெயில் நேர் மேலிருந்து இறங்கும் இந்த அகலாங்கில், மூடாத முற்றம் வெப்பத்தையும் பெருமழையையும் ஒருசேர வாங்கும்.

வெயிலின் கோணமும் இங்கே நமக்குத் துணை. ஜூன் மாதத்தில் நண்பகல் சூரியன் வடக்கே 68 பாகை உயரத்திலும், டிசம்பரில் தெற்கே 65 பாகை உயரத்திலும் நிற்கிறது. வடக்கு, தெற்கு முகங்களில் ஒன்றரை மீட்டர் உயர ஜன்னலுக்கு அதே அளவு நீளும் நிழற்பலகை இருந்தால் வேலை நேரத்தின் பெரும்பகுதிக்கு நேர் வெயில் கண்ணாடியைத் தொடாது. கிழக்கையும் மேற்கையும் எந்த நிழற்பலகையாலும் காக்க இயலாது. அங்கே படிக்கட்டையும் பண்டக அறையையும் வைத்துவிடுவதே முறை. நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுவதால், அலுவலகம் தொடங்கும் எட்டு மணி என்பது சூரியனுக்கு ஏழு மணி. ஆகவே ஆட்கள் உள்ளே இருக்கும்போது அதிகம் சுடுவது கிழக்குச் சுவர்தான். மேற்குச் சுவருக்கு மட்டும் காப்புப் போட்டுவிட்டு நிம்மதியடைபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மிஞ்சிய பகுதி, உண்மையாகவே வறண்ட காற்று வேண்டிய பகுதி. இங்கேதான் வரைபடத்தைவிட ஆய்வாளரின் உரையாடல் முக்கியம். பெரோவ்ஸ்கைட் சூரியக் கலம் செய்பவருக்கு ஈரம் பகை. லித்தியம் மின்கலம் செய்பவருக்கு அது பெரும்பகை. அவர்கள் கேட்கும் உலர் அறையில் பனிநிலை சுழியத்துக்குக் கீழ் 40 பாகை வரை இறங்க வேண்டும். 24-இலிருந்து அங்கே இறக்குவது குளிர்நீர் இயந்திரமான சில்லரால் மட்டும் ஆகிற காரியமன்று. ஈரமுறிஞ்சிச் சக்கரம் வேண்டும். அந்தச் சக்கரத்தை மறுபடி உலர்த்த வெப்பம் வேண்டும். போதாததற்கு, உள்ளே நிற்கும் ஒவ்வொருவரும் மூச்சாலும் வியர்வையாலும் மணிக்கு 50 முதல் 100 கிராம் ஈரத்தை விட்டுக்கொண்டேயிருக்கிறார். இந்நிலையில் கேட்க வேண்டிய கேள்வி: வறட்சி வேண்டியது அறைக்கா, பொருளுக்கா? பொருத்திய கையுறைகள் வழியே கைநுழைத்து வேலை செய்யும், நைட்ரஜன் நிரப்பிய குளோவ் பாக்ஸுக்குள், ஒரு கன மீட்டர் அளவுக்குள், தகட்டில் படலம் பூசும் வேலை முழுவதும் முடிந்துவிடும் என்றால் 300 கன மீட்டர் அறையை உலர்த்துவது எதற்கு? பெட்டியை உலர்த்துவோம், ஆள் நிற்கும் இடத்தை ஆளுக்கேற்ற அளவில் வைப்போம். மின்கலத் தொகுப்பைப் பெரிய அளவில் செய்து பார்க்கும் ஓரிடத்தில் மட்டும் உலர் அறை அமையட்டும். அதையும் பல துறைகள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளட்டும். துறைக்கொன்று என்று கட்டித் தள்ளும் வழக்கம்தான் நம் பல்கலைக்கழகங்களில் மின்சாரத்தை விழுங்குகிறது. ஈரமுறிஞ்சிச் சக்கரத்தை உலர்த்தும் வெப்பத்துக்கு மின்சூடேற்றியை நாடாமல், கூரையில் வைக்கும் சூரிய வெப்பச் சேகரிப்பியையோ, எரிபொருள் கலச் சோதனையில் வீணாகும் வெப்பத்தையோ பயன்படுத்தலாம். அதுவே ஒரு நல்ல ஆய்வுப் பொருளும்கூட.

ஹைட்ரஜன் கூடத்துக்கோ நேர்மாறான தீர்வு. காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை கலந்தால் தீப்பிடிக்கக்கூடிய வாயு அது. எல்லா வாயுக்களிலும் லேசானது. கசிந்தால் கூரையடியில் போய்த் தங்கும். குளிர்நாடுகளில் ஆட்கள் உறையாதிருக்க அத்தகைய கூடத்தைச் சுவரெழுப்பி மூடி, வெப்பமூட்டி, பிறகு இயந்திரத்தால் காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. ஜொகூரில் ஆண்டு முழுதும் பக்கம் திறந்த கொட்டகையில் வேலை செய்யலாம். நீண்ட இறவாரமும், முகட்டை நோக்கி ஏறும் கூரையும், முகட்டில் எப்போதும் திறந்த வாயும் இருந்தால் கசிந்த வாயு தானே மேலேறிப் போய்விடும். உணர்கருவிகளும் விசையடைப்புகளும் கூடவே இருக்க வேண்டும், ஐயமில்லை. ஆனால் மின்சாரம் நின்றாலும் நிற்காத காற்றோட்டம் என்பது பாதுகாப்பில் பெரிய சொத்து. நம் தட்பவெப்பம் நமக்குக் கொடுத்திருக்கும் இந்தச் சலுகையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவைக்க நான் உடன்படமாட்டேன்.

இப்போது எதிர்வாதங்கள். காற்றைக் குறைப்பது உயிரோடு விளையாடுவது என்று பாதுகாப்பு அலுவலர்கள் சொல்வார்கள். அவர்களின் கவலை நேர்மையானது. அதற்கு முழு விடை தர வேண்டும். மணிக்கு ஆறு முறை, பத்து முறை என்ற எண், அபாயத்தை அளந்து வந்த எண் அன்று. ஆவி பிறக்கும் இடத்திலேயே அதைப் பிடித்துவிட்டால் அறை முழுவதையும் கழுவ வேண்டியதில்லை. பிடிக்காமல் விட்டால் பத்து முறை கழுவினாலும் அருகில் நிற்பவரின் மூக்குக்கு அது போய்ச் சேரும். ஹூட்டின் திறப்பில் காற்றின் வேகத்தைக் குறைக்க நான் சொல்லவில்லை. கண்ணாடிக் கதவு இறங்கினால் விசிறியும் தணியும்படி அமைப்போம். ஆளில்லாத நேரத்தில் அறையின் காற்றுமாற்றத்தை மணிக்கு இரண்டாகக் குறைத்து, உணர்கருவி நச்சாவியைக் கண்டால் நொடியில் முழு வேகத்துக்குத் திரும்பும்படி செய்வோம். வாரத்தின் 168 மணி நேரத்தில் ஆட்கள் மும்முரமாக வேலை செய்வது ஐம்பது மணி நேரம் என்று கொண்டால், முன்பு சொன்ன 350 என்பது 190-க்கு இறங்குகிறது. ஹார்வர்டில் கதவை மூடுங்கள் என்ற ஓர் இயக்கத்தையே நடத்தி ஆய்வாளரின் பழக்கத்தை மாற்றினார்கள். பழக்கத்தை மட்டும் நம்பாமல் தானே இறங்கும் கதவைப் பொருத்துவது இன்னும் உறுதி.

வெளியேறும் காற்றிலிருந்து குளிர்ச்சியையும் வறட்சியையும் மீட்டெடுப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. நச்சாவி போகும் குழாயில் சுழல் சக்கரம் வைக்கக் கூடாது. கசிவு திரும்பி உள்ளே வரும். அதற்கு மாற்றாகக் குளிர்நாடுகளில் இரு குழாய்களுக்கிடையே நீரைச் சுற்றவிட்டுச் சூட்டை மட்டும் கைமாற்றுவார்கள். நம் சுமையில் முக்கால் பங்கு ஈரம் என்பதால் அந்த முறை இங்கே கால் பங்குக்குத்தான் உதவும். ஆகவே ஹூட்டின் காற்றையும் அறையின் பொதுக்காற்றையும் தனித்தனிக் குழாயில் கொண்டுபோய், பொதுக்காற்றுக்கு மட்டும் ஈரத்தையும் கைமாற்றும் சக்கரத்தைப் பொருத்த வேண்டும். அதனால் மூன்றில் ஒரு பங்கு மிச்சமானாலும் 190 என்பது 125 ஆகும். ஆய்வுக்கூடம் மொத்தத் தரைப்பரப்பில் மூன்றில் ஒன்றாக அடங்கினால், கட்டடத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரின் தலையிலும் விழுவது 40-ஐ ஒட்டிய எண். எட்டுக் கூரை கேட்ட காற்றுக்கு இப்போது ஒரு கூரை ஏறத்தாழ ஈடு கொடுக்கிறது. கருவிகளுக்கான மின்சாரம் இன்னும் மீதி இருக்கிறது. சுழிய ஆற்றல் என்று விளம்பரப்படுத்த நான் துணியமாட்டேன். வடிந்த நீரும் வீணில்லை. குளிர்ந்த, உப்பில்லாத அந்த நீரைக் குளிரூட்டும் கோபுரத்துக்குத் திருப்பலாம். வைரக் கட்டடத்தின் குளிர்தளத்தை இங்கேயும் பின்பற்றலாம். ஆனால் கதவு ஜன்னல்களைத் திறந்துவைக்கும் பகுதிகளில் அல்ல. பனிநிலை 24 ஆக இருக்கும் ஊரில், அதைவிடக் குளிர்ந்த தளம் வெளிக்காற்று பட்டதும் வியர்த்துக் கொட்டும், பிறகு பூஞ்சை பிடிக்கும்.

அடுத்த எதிர்வாதம் இதத்தைப் பற்றியது: வசதிக் குறைவான கட்டடத்துக்கு நல்ல ஆய்வாளர்கள் வரமாட்டார்கள் என்பது. நம் நாட்டின் எம்எஸ் 1525 நெறிமுறை 24 முதல் 26 பாகை வரை வைக்கச் சொல்கிறது. நடைமுறையில் விரிவுரைக் கூடங்களில் ஏர்கோன் அதற்கும் கீழே இறங்கி, மாணவர்கள் குளிரங்கி அணிந்து அமர்ந்திருப்பதை நாம் அனைவரும் அறிவோம். வெளியே 32 பாகையில் வாழும் உடலை உள்ளே நடுங்கவைப்பது வசதி ஆகாது. மின்விசிறியோடு 27 பாகையில் இதமாக உழைக்க முடியும் என்பதைச் சிங்கப்பூர்க் கட்டடம் போன்றவை காட்டிவிட்டன. நுண்ணோக்கிக்கும் லேசருக்கும் நிலையான வெப்பம் வேண்டும் என்றால் அந்தக் கருவிக்குத் தனி உறை கொடுப்போம். கருவியின் தேவையை மாடி முழுவதற்கும் விதியாக்க வேண்டாம்.

மூன்றாவது, நாடே மின்சாரத்தைத் தூய்மையாக்கப் போகிறது, 2050-க்குள் நிறுவுதிறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதாகும் என்று 2023-இல் வந்த ஆற்றல் மாற்றத் திட்டம் சொல்கிறது, பிறகு ஒரு கட்டடத்தின் சிக்கனம் எதற்கு என்ற வாதம். திட்டம் நிறைவேற வேண்டும் என்பதே என் விருப்பமும். ஆனால் கூலாயிலும் செடெனாக்கிலும் எழும் தரவு மையங்கள் மின்சாரத்தையும் குளிர்ச்சியையும் எவ்வளவு கேட்கின்றன என்பது ஜொகூரில் எல்லோரும் பேசும் செய்தி. புதிதாக வரும் தூய மின்சாரத்துக்குப் போட்டி கடுமையாக இருக்கும். அதில் வீணாகும் ஒவ்வொரு அலகும் தஞ்சோங் பின் உலைகளை மூடும் நாளைத் தள்ளிப்போடும். அதோடு, ஈரமான காற்றைக் குறைந்த ஆற்றலில் உலர்த்துவதும் குளிர்விப்பதும் இந்த மாநிலத்துக்குத் தலையாய ஆய்வுக் கேள்வி. சென்னை முதல் ஜகார்த்தா வரை கடலோர நகரங்கள் அனைத்துக்கும் அது பொதுக் கேள்வி. தன் கட்டடத்திலேயே அதற்கு விடை தேடாத ஆற்றல் ஆய்வகம் வேறெங்கே தேடப் போகிறது?

இதனால்தான் கட்டடத்தையே ஒரு சோதனையாக அமைக்க வேண்டும் என்கிறேன். ஹைதராபாத் அருகே போச்சாரத்தில் இன்ஃபோசிஸ் 2011-இல் ஒரு கட்டடத்தை இரு சமபாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் செம்மையாக அமைத்த வழக்கமான குளிரூட்டலையும், மறுபாதியில் தளத்தின் வழியே குளிர்விக்கும் முறையையும் வைத்து அளந்தது. இரண்டாம் பாதி மூன்றில் ஒரு பங்கு குறைவாகச் செலவிட்டது. வாதத்தால் தீராததை மீட்டர் தீர்த்தது. பல்கலைக்கழகம் இதைவிட மேலாகச் செய்யலாம்: ஒவ்வொரு ஹூட்டுக்கும், ஒவ்வொரு காற்றுக்குழாய்க்கும், வடிநீர்க் குழாய்க்கும் அளவி பொருத்தி, எண்களை மாதந்தோறும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடலாம். 2025 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த ஆற்றல் திறன், சேமிப்புச் சட்டம் பெரும் பயனீட்டாளர்களின் ஆற்றல் செலவைக் கணக்கில் கொண்டுவரத் தொடங்கியிருக்கிறது. சட்டம் கேட்பதற்கு முன்பே கொடுப்பவரிடம் மற்றவர்கள் கற்றுக்கொள்ள வருவார்கள். பணத்தைப் பற்றிய எதிர்வாதத்துக்கும் இதில் பாதி விடை இருக்கிறது. கட்டுமானச் செலவு ஒரு கணக்கிலிருந்தும், முப்பது ஆண்டு மின்கட்டணம் இன்னொரு கணக்கிலிருந்தும் போவதால்தான் விலை குறைந்த டெண்டர் வெற்றி பெறுகிறது. காற்றின் தேவையை முதலிலேயே பாதியாக்கினால் சில்லரும் குழாயும் மின்மாற்றியும் சிறுக்கின்றன. அந்த மிச்சமே சக்கரத்துக்கும் உணர்கருவிக்கும் பெரும்பாலும் போதும்.

எல்லாவற்றிலும் வலிய எதிர்வாதத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன்: கட்டவே வேண்டாம், இருப்பதைத் திருத்துங்கள் என்பது. சிமெண்டும் இரும்பும் உண்டாக்கும் கரியுமிழ்வு முதல் நாளிலேயே வானேறிவிடுகிறது. மேற்கு ஜொகூரின் மென்களிமண்ணிலும் கரிச்சதுப்பிலும் ஆழமாகத் தூண் இறக்க வேண்டியிருப்பதால் அது இன்னும் கூடும். இந்த வாதத்தை நான் பெரிதும் ஏற்கிறேன். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் இஸ்கந்தர் புத்ரியில் ஈக்கோ கேலரியா என்ற வணிக வளாகத்தில் தன் வகுப்புகளை அமைத்துக்கொண்டிருக்கிறது. எழுதும் அறைக்கும் கணினிக் கூடத்துக்கும் இப்படிப்பட்ட இடம் தாராளம். காற்றுக்குழாய்கள் ஓட ஆய்வுக்கூடத்துக்கு மாடிக்கு நாலரை மீட்டர் உயரம் வேண்டியிருப்பதுதான் தடை. அதுவும் ஹூட்டுகளின் எண்ணிக்கை குறைந்தால் தளரும் தடை. எனவே புதுக் கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கும் முன், இப்போதுள்ள ஆய்வுக்கூடங்களில் ஒரு மாடியை எடுத்துக்கொண்டு ஹூட்டுகளுக்குத் தானியங்கிக் கதவும், குழாய்களுக்கு அளவியும், இரவுநேரக் குறைப்பும் செய்து, இரு பருவமழையும் கடந்த ஓராண்டின் அளவீட்டைக் கையில் வைத்துக்கொள்ளும்படி துணைவேந்தர்களையும் நிதிக் குழுக்களையும் கேட்டுக்கொள்கிறேன். அந்த எண் வந்த பிறகு எத்தனை சதுர மீட்டர் ஆய்வுக்கூடம் புதிதாகக் கட்டத் தேவை என்று எழுதுங்கள். எழுதியதை டெண்டர் ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே, அறை வாரியாக, ஒவ்வோர் அறைக்கும் எவ்வளவு வறட்சி வேண்டும் என்ற எண்ணோடு சேர்த்து அச்சிடுங்கள்.